பாம்பு எடுக்கிற படமும், பாம்பை வச்சு எடுத்த படமும்

தமிழில் 'படம் எடுக்கிறார்' என்றால் சினிமாக்காரர். 'படம் எடுக்கிறது' என்றால் நல்ல பாம்பு. இந்த இரண்டு தரப்பும் சேர்ந்து பண்ணின வேலைகள் நம்மிடம் ஏகப்பட்டது இருக்கு. கொஞ்ச நாளாக ராத்திரி ஆபீஸ் கால் எல்லாம் முடிந்த பிறகு அதையேதான் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கூடவே, பாம்பு எப்படிப் படமெடுக்கிறது, எதற்காக எடுக்கிறது என்று ஆய்வாளர்கள் எழுதின கட்டுரைகளையும் படித்தேன். பி.இ. முடித்துவிட்டு கோட் எழுதிப் பிழைக்கிறவன் நான், விலங்கியல் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் புகார் எது இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாம்பு பெண்ணாக மாறுவது, பல வருஷம் காத்திருந்து பழி வாங்குவது, இதிலெல்லாம் லாஜிக் இல்லை என்று சொல்ல வரவில்லை. கதையில் கிளி பேசும், நரி நியாயம் சொல்லும். அதைப் போய் யாராவது மடக்குவார்களா? நான் கேட்பது கற்பனைப் பகுதியைப் பற்றி அல்ல. அந்தக் கற்பனைக்கு நடுவில், நிஜமான ஒரு நல்ல பாம்பைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தி எடுத்த ஷாட்டுகளைப் பற்றி.

எடுத்துக்காட்டுக்கு 'நீயா?' (1979). ராஜ்குமார் கோலி இந்தியில் எடுத்த 'நாகின்' (1976) படத்தின் தமிழ் வடிவம். கமல்ஹாசன், ஸ்ரீபிரியா நடித்தது. இயக்கியவர் துரை. இதில் ஒரு வேடிக்கை, அதே வருஷம்தான் அவர் 'பசி' படத்தையும் எடுத்தார். சேரி வாழ்க்கையை அவ்வளவு நெருங்கிப் போய்ப் பார்த்த கண், பாம்பைப் பார்க்கும்போது மட்டும் எங்கே போனதோ தெரியவில்லை. இணையைக் கொன்றவர்களைப் பெண் பாம்பு ஒவ்வொருத்தராகத் தேடிப் போய்க் கொல்கிறது, அதுதான் கதை. இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் கொலைக்கு முன்னால் ஒரு ஷாட் கட்டாயம் வரும். நல்ல பாம்பு எழும்பி, படத்தை விரித்து, லேசாக ஆடியபடி நம்மைப் பார்க்கும். அடுத்து, வில்லன் முகம் வேர்க்கும். பிறகு திரும்பவும் பாம்பு. பின்னணியில் மகுடி. பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராது, பாம்புக்கு ஆத்திரம், அதனால்தான் படமெடுத்து நிற்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

இப்போது அந்த ஷாட் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்போம். நல்ல பாம்பு சும்மா இருக்கும்போது படம் எடுக்காது. எலியைத் தேடிப் போகும்போது எடுக்காது, இரையைக் கடிக்கும்போதும் எடுக்காது. தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்று பக்கத்தில் வந்து, ஓடவும் வழி இல்லாமல் போகும்போதுதான் எடுக்கும். அப்படியானால், படப்பிடிப்பில் அது படமெடுத்து நிற்க வேண்டுமென்றால் ஃபிரேமுக்கு வெளியே யாரோ ஒருத்தர் அதை மிரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கையை ஆட்டியோ, துணியை ஆட்டியோ. அந்தக் கை இடப்பக்கம் போனால் பாம்பும் இடப்பக்கம் திரும்பும். நாம் தியேட்டரில் 'ஆடுது' என்று பார்த்தது இதைத்தான். மிரட்டல் நின்றதும் பாம்பு படத்தைச் சுருக்கிக்கொண்டு நழுவப் பார்க்கும். அந்தப் பகுதி கதைக்கு உதவாது, எடிட்டிங் மேஜையில் வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

ஆக, கதை என்ன சொன்னாலும், படச்சுருளில் பதிவாகி இருப்பது ஒரு பயந்த பிராணி. பழிவாங்க வந்த நாகராணி என்று நாம் கும்பிட்டது, ஸ்டுடியோ விளக்கு வெளிச்சத்தில் தப்பிக்க வழி தெரியாமல் நின்ற ஒரு பாம்பை. இது ஆவணப்படம் மாதிரி துல்லியமான பதிவு. தலைப்புதான் தப்பாக ஒட்டியிருக்கிறது.

படம் விரிவது எப்படி என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நல்ல பாம்பின் கழுத்துப் பகுதியில் இருக்கிற விலா எலும்புகள் மற்ற இடத்தில் இருப்பதைவிட நீளமானவை. சாதாரணமாக அவை குடைக் கம்பி மடங்கிக் கிடக்கிற மாதிரி பின்னோக்கிப் படிந்திருக்கும். மிரண்டதும் முன்னோக்கியும் மேல்நோக்கியும் சுழன்று வெளியே விரியும், தளர்வாக இருந்த தோல் அதன் மேல் இறுகும். 2010-ல் புரூஸ் யங், கென்னத் கார்டாங் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், கழுத்துத் தசைகள் ஒவ்வொன்றிலும் ஓடுகிற மின்சாரத்தை அளந்து பார்த்தார்கள். அங்கே இருக்கிற தசைக் கூட்டத்தில் எட்டே எட்டுதான் படமெடுக்கிற வேலையைப் பார்க்கிறது என்று கண்டுபிடித்தார்கள். முதுகெலும்பிலிருந்து விலாவுக்கு, விலாவிலிருந்து விலாவுக்கு, விலாவிலிருந்து தோலுக்கு என்று போகிற தசைகள் அவை. இதற்கென்று புதிதாக ஓர் உறுப்பு முளைக்கவில்லை. எல்லாப் பாம்புக்கும் இருக்கிற விலாவும் தசையும்தான், வேறு வேலைக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. பழைய கோடை எடுத்து வேறு ஒரு காரியத்துக்குப் பயன்படுத்தி வாழ்கிற எனக்கு இது ரொம்பப் பிடித்தது. முட்டையை விட்டு வெளியே வந்த குட்டிகூட உடனே படமெடுக்கும். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு நடப்பதும் சினிமாவுக்கு நேர் எதிர். பாம்பின் முதல் வழி ஓடுவது. முடியாவிட்டால் எழும்பிப் படம். கூடவே சீறல். அதற்கும் எதிராளி நகரவில்லை என்றால் ஒரு பாய்ச்சல், ஆனால் பல தடவை வாயை மூடிக்கொண்டே பாயும், முகத்தால் முட்டிவிட்டுப் பின்வாங்கும். கடித்தாலும் விஷம் இறக்காமல் விடுகிற கடி உண்டு. விஷம் இரை பிடிக்க வைத்திருக்கிற சொத்து. திரும்பச் சுரக்க நாளாகும். தின்ன முடியாத மனுஷன் மேல் அதைச் செலவழிப்பதில் பாம்புக்கு லாபம் ஒன்றும் இல்லை. இன்னொன்று, எழும்பி நிற்கிற பாம்பு தன் உடம்பில் மூன்றில் ஒரு பங்கு உயரம்தான் தூக்கும். அந்த நிலையிலிருந்து முன்னால் விழுந்துதான் கொத்தும். அதன் எட்டும் தூரமும் ஏறத்தாழ அந்த உயரம்தான். விரியன்களின் பாய்ச்சலோடு பார்த்தால் வேகமும் கம்மி. எங்கள் பாஷையில் சொன்னால் படம் ஒரு வார்னிங். புரோகிராம் நின்றுபோகிற எரர் அல்ல. வார்னிங்கைப் படிக்காமல் தட்டிவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் எரர் வரும்.

2017-ல் பிரையன் ஃபிரையின் குழு வெளியிட்ட ஒரு கட்டுரை இன்னும் ஒரு படி போகிறது. நாகங்களின் விஷத்தில் சதையை அரிக்கிற தன்மையும், படமெடுக்கிற பழக்கமும் பரிணாமத்தில் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன என்கிறார்கள். அதாவது 'கிட்டே வந்தால் வலிக்கும்' என்று முன்கூட்டியே அறிவிக்கிற பாம்புக்கு, வலிக்கிற விஷமும் இருக்கிறது. கட்டுவிரியன் எதையும் அறிவிப்பதில்லை, அதன் கடியில் வலியும் பெரும்பாலும் கம்மி. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேண்டியிருக்கும்.

மகுடிக்கு வருவோம். பாம்புப் பாட்டு என்றால் இன்றைக்கும் எந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்கிற அந்த மெட்டு, 1954-ல் வைஜெயந்திமாலா நடித்து வந்த பழைய இந்தி 'நாகின்' படத்தினுடையது. இசை ஹேமந்த் குமார். அதில் ஒலிப்பது மகுடியே கிடையாது! கிளாவியோலின் என்ற மின்னணுக் கருவி, வாசித்தவர் பின்னாளில் கல்யாண்ஜி-ஆனந்த்ஜி என்று புகழ்பெற்ற கல்யாண்ஜி. எழுபது வருஷமாக நாம் பாம்பின் மொழி என்று நினைத்தது ஒரு கீபோர்டின் தாத்தா. இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, அருமையான வாசிப்பு.

ஆனால் இதை மறுக்கிற பகுத்தறிவு வீடியோக்கள் மேலும் எனக்கு ஒரு புகார் உண்டு. 'பாம்புக்குக் காதே கிடையாது, சுத்தமாகக் கேட்காது' என்று அடித்துச் சொல்வார்கள். வெளிக்காது இல்லை, சரி. உள்காது இருக்கிறது, அது தாடை எலும்போடு இணைந்து தரை அதிர்வை வாங்குகிறது. காற்றில் வருகிற தாழ்ந்த ஒலியும் அதற்குக் கேட்கும். 2023-ல் ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டினா ஜெனெக் குழுவினர் 19 பாம்புகளை ஒலி புகாத அறையில் விட்டு, 450 ஹெர்ட்ஸ் வரையிலான ஓசைகளை எழுப்பிப் பார்த்தார்கள். சில விலகிப் போயின, ஒரு மலைப்பாம்பு வகை ஓசையை நோக்கியே வந்தது. சோதனையில் நல்ல பாம்பு இல்லை, ஆனால் அதன் குடும்பத்துப் பாம்புகளான டைப்பான் முதலியவை இருந்தன. மகுடிக்கு முன்னால் நல்ல பாம்பு ஆடுவது இசைக்காக அல்ல, அசைகிற மகுடியைக் கண் பின்தொடர்வதால்தான். அந்த அளவுக்கு மறுப்பு சரி. அதற்கு மேல் போய் செவிடு என்று பட்டம் கட்டுவது, ஒரு தப்பைத் திருத்துகிறேன் என்று இன்னொரு தப்பைப் போடுவது.

சினிமாவுக்கு முன்னாலும் நம் ஓவியங்களில் படமெடுத்த பாம்பு உண்டு. நம்ம சிவகாசிக் காலண்டர்களையே எடுத்துக்கொள்ளலாம். கோவில்பட்டி சி. கொண்டையராஜுவும் அவர் சிஷ்யர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடு முழுக்கப் போனது. அந்த மரபில் சிவன் கழுத்திலும், அம்மன் தலைக்கு மேலும் இருக்கிற பாம்புக்குக் கோபம் கிடையாது. படம் அங்கே ஒரு குடை, நிழல். பெருமாளுக்கும் அப்படித்தான், சமணர்களின் பார்சுவநாதருக்கும் அப்படித்தான். பழி என்கிற அர்த்தத்தைப் பெருசாக்கினது சினிமாதான். காலண்டரில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. மூக்குக்கண்ணாடி மாதிரியான குறி படத்தின் முதுகுப்புறம் இருப்பது. நான் பார்த்த பல காலண்டர்களில் பாம்பு நம்மை நேராகப் பார்க்கும்போதும் அந்தக் குறி முன்பக்கமே இருக்கும். வரைந்தவர் பாம்பைப் பார்த்து வரையவில்லை, இன்னொரு காலண்டரைப் பார்த்து வரைந்திருக்கிறார்.

இதே வியாதி இப்போது கிராஃபிக்ஸுக்கு வந்திருக்கிறது. 2001-ல் வந்த விதிகளுக்குப் பிறகு படப்பிடிப்பில் விலங்குகளைப் பயன்படுத்த அனுமதி வாங்க வேண்டும். ராம நாராயணன் 'ஆடி வெள்ளி' (1990) எடுத்த காலம் மாதிரி நினைத்தபடி பாம்பையும் யானையையும் கொண்டுவந்து நிறுத்த முடியாது. நல்ல விஷயம். கம்ப்யூட்டரில் செய்த பாம்பை யாரும் மிரட்ட வேண்டியதில்லை, அதை எப்படி வேண்டுமானாலும் நடிக்க வைக்கலாம். கிடைத்த சுதந்திரத்தில் என்ன செய்தார்கள்? 'நாகினி' மாதிரி சீரியல்களைப் பாருங்கள். பாம்பு ஊர்ந்து போகும்போதும் படம், தூங்கும்போதும் படம், தனியாக யோசிக்கும்போதும் படம். பத்தாததற்குச் சிங்கம் மாதிரி உறுமல். பழைய படத்தில் இருந்ததாவது ஒரு நிஜப் பாம்பின் நிஜப் பயம். இது அந்தப் படத்தைப் பார்த்து எடுத்த படம்.

'சரி, சினிமாதானே, யாருக்கு என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம். இருக்கிறது. 2020-ல் 'இ-லைஃப்' இதழில் வந்த ஆய்வுப்படி 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்குச் சராசரி 58,000. அதே ஆய்வில், இந்தியாவில் எந்தப் பாம்பு கடித்தது என்று முன்னால் வந்த கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். கண்ணாடி விரியன் 43 சதவீதம். கட்டுவிரியன் வகை 18. நம்ம கதாநாயகன் நல்ல பாம்பு 12. முதல் இரண்டும் படம் எடுக்காத ஜாதி. இதை வைத்து நல்ல பாம்பு பரவாயில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம், அதன் விஷம் மூச்சை நிறுத்திவிடும். நான் சொல்வது, விஷப் பாம்பு என்றால் படமெடுக்கும் என்று ஐம்பது வருஷமாக நம் கண்ணைப் பழக்கிவிட்டார்கள் என்பது. படமெடுக்காத பாம்பைப் பார்த்தால் 'ஏதோ சாரைக்குட்டி' என்று அசட்டையாக இருக்கத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், விஷமே இல்லாத தண்ணிப்பாம்பு மிரண்டால் கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கும். அது நல்ல பாம்பு கணக்கில் அடிபட்டுச் சாகிறது.

ஆனைக்குட்டம் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. அர்ச்சுனா நதியில் கட்டின நீர்த்தேக்கம் ஒரு பக்கம். கோடையில் ஆள் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கிற கரிசல் ஒரு பக்கம். நடுவில் சீமைக்கருவேலங்காடு. பட்டாசு ஆலைகளில் ஒரு ஷெட்டுக்கும் இன்னொரு ஷெட்டுக்கும் நடுவே சட்டப்படி இடைவெளி விட வேண்டும், அந்தக் காலி இடம் எலிக்கும் பாம்புக்கும் வசதி. மருந்து ஷெட்டுக்குள் போகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டுத்தான் போகிறார்கள், தீப்பொறி பயம். வெறுங்கால்! நம் ஊரில் தீபாவளிக்குச் செய்கிற பாம்பு மாத்திரை ஒன்றுதான் தானாக எழும்பி ஆளை நோக்கி வருகிற பாம்பு. மற்றதெல்லாம் மிதித்தால்தான்.

ஒரு ஆலையின் ராத்திரிக் காவலர், வயசானவர், அவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். "படம் எடுத்தா என்ன செய்வீங்க அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "நின்ன எடத்துலயே நின்னுருவேன் தம்பி. கொஞ்ச நேரத்துல அதுவே எறங்கிப் போயிரும். எனக்கு யோசனையெல்லாம் இந்தக் கட்டுவிரியந்தான். சாக்கை ஒதறாம ஒருநாளும் படுக்க மாட்டேன்" என்றார். அவரும் சின்ன வயசில் பாம்புப் படம் எல்லாம் டூரிங் டாக்கீஸில் பார்த்தவர்தான். இத்தனை வருஷம் டார்ச்சோடு சுற்றினதில் அந்தப் பாடம் மறந்துபோயிருக்கிறது.

எனக்கு இப்போது அதிகம் கவலை தருவது சினிமாவும் இல்லை, சீரியலும் இல்லை. பாம்பு பிடிக்கிற ரீல்ஸ். 'விழிப்புணர்வு' என்று தலைப்புப் போட்டு வருகிறது. வீட்டுக்குள் புகுந்த நல்ல பாம்பைப் பிடிக்க ஒருத்தர் போவார். பிடித்துப் பையில் போட்டால் வீடியோ அரை நிமிஷத்தில் முடிந்துவிடும், யார் பார்ப்பார்கள்? அதனால் முற்றத்தில் விட்டு, வாலைப் பிடித்து இழுத்து, முகத்துக்கு முன்னால் கையை ஆட்டி, அது படமெடுக்கிற வரைக்கும் விடமாட்டார். எடுத்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பு. பின்னணியில் அதே கிளாவியோலின் மெட்டு. சுற்றி நிற்கிற பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். 1979-ல் ஸ்டுடியோவுக்குள் நடந்த அதே ஷாட், இப்போது தெருவில், குழந்தைகளுக்குப் பத்தடி தள்ளி நடக்கிறது. அந்தக் கால ஸ்டுடியோவுக்கு வந்த பாம்பாட்டிப் பாம்புகளுக்குப் பெரும்பாலும் பல் பிடுங்கியிருப்பார்கள், அது தனிக் கொடுமை. ரீல்ஸில் வருகிற பாம்புக்குப் பல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நாளைக்கு ஒரு பையன் கையை ஆட்டப் போவான், அவனுக்கு எந்த தூரம் எட்டும் தூரம் என்று தெரிந்திருக்காது.

முறையாகப் பிடிப்பது பார்க்கவே சலிப்பாக இருக்கும். ஒரு பையின் வாயில் குழாயைக் கட்டி, பாம்புக்கு முன்னால் வைத்து, பின்னாலிருந்து கொக்கியால் மெதுவாகத் திசை காட்டுவார்கள். இருட்டாக ஒரு ஓட்டை தெரிந்ததும் வளை என்று நினைத்து அதுவாகவே உள்ளே போய்விடும். படமே எடுக்காமல் போவதும் உண்டு.

மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்குகிற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் வேலையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கையில் கடப்பாரை, தடம் பார்க்கிற கண், அவ்வளவுதான். பிடித்த பாம்பைச் சில வாரம் வைத்திருந்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் சின்ன அடையாளம் வெட்டி, திரும்பவும் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் நம் ஆஸ்பத்திரிகளில் போடுகிற விஷமுறிவு மருந்து தயாராகிறது. 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர்களைப் பற்றி யூடியூபில் தேடினால் வருகிற வீடியோக்கள், படமெடுத்த பாம்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கிற ரீல்ஸ்காரர்களின் வீடியோக்களுக்குக் கீழே எங்கேயோ கிடக்கின்றன.

தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை ஆஸ்பத்திரிகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இனிமேல் எந்த மாவட்டத்தில் எத்தனை பேர் கடிபட்டார்கள் என்கிற கணக்கு ஒழுங்காக வரும் என்று நம்பலாம். விருதுநகர் மாவட்டக் கணக்கு வந்ததும் அதைத் தனியாக ஒரு பதிவாகப் போடுகிறேன். பாம்பு மாத்திரை பற்றியும் ரொம்ப நாளாகக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். 2016-ல் புனேயில் ஆறு வகைப் பட்டாசை எரித்துப் பார்த்தபோது, நுண்துகள் புகை அதிகமாகக் கக்கியது வெடி இல்லை, அந்தச் சின்னக் கறுப்பு மாத்திரைதான். அதைப் பற்றி அடுத்த பதிவில்.